அறுபதில் முப்பது

நவம்பர் 16, சனி

இந்த டைரி நான் வேலை பார்க்கிற அச்சாபீஸில் கழித்துப் போட்டது. ஜூன் முடிந்ததும் மறுபடி ஜூன் வருகிறது. ஜூலை கிடையாது. எடைக்குப் போகிற குவியலில் இருந்து பேபி அக்கா எனக்காக ஒன்றை எடுத்து வைத்திருந்தார். "இந்தா ஜோதி. எங்க யாரோடயும் பேச மாட்டேங்குற. இதோடயாவது பேசு" என்றார். அச்சடித்த தேதியை அடித்துவிட்டு என் தேதியைப் போட்டுக்கொள்கிறேன்.

இன்று முழுக்கக் கார்டு மேசை, பிள்ளைகள் ஆடுகிற கோட்டைக் கார்டு. பேபி அக்கா எனக்கு எதிரே. மேசையைச் சுற்றிப் பத்துக் குவியல். ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு கார்டு எடுத்தால் பத்து சேரும், அது ஒரு பாக்கெட். குவியல்களை மேஸ்திரி அடிக்கடி மாற்றி வைப்பார். அதனால் எந்தப் பாக்கெட்டில் என்ன இருக்கும் என்று வாங்குகிற பிள்ளைகளுக்குத் தெரியாது. போடுகிற எங்களுக்கும் தெரியாது. பிள்ளைகள் கடையில் பாக்கெட்டைக் குலுக்கிப் பார்ப்பார்கள், காதில் வைத்துக் கேட்பார்கள். நானும் அப்படிக் கேட்டவள்தான்.

அண்ணன் டிசம்பர் எட்டாம் தேதி ஓசூருக்குக் கிளம்புகிறான். வேலை தீபாவளிக்கு முன்னாலேயே முடிவானது. ராத்திரி சாப்பிடும்போது மறுபடியும் பத்தாம் வகுப்புப் பேச்சை எடுத்தான். நான் தட்டைக் கழுவப் போய்விட்டேன்.

நவம்பர் 17, ஞாயிறு

அண்ணன் விடுவதாக இல்லை. துணி காயப்போடுகிற இடத்துக்கே வந்து நின்றான்.

"டிசம்பர் பதினேழு வரைக்கும் பதியலாமாம். தனியா எழுதுறவங்களுக்கு. பெரிய பள்ளிக்கூடத்துல வாங்குறாங்க."

நான் சட்டையை உதறினேன்.

"ஏ புள்ள, உன்கிட்டதான் பேசுறேன்."

"எனக்குப் படிப்பு வராதுண்ணே."

"வரலைன்னு யாரு சொன்னா? நீ கணக்குல எத்தன மார்க் வாங்குனன்னு எனக்குத் தெரியாதா?"

"அம்மாவ யாரு பாக்குறது?"

"அம்மா உன்னயும் சேத்துப் பாத்துக்கிடும். இப்ப நல்லாத்தான இருக்கு."

கிளிப்பைத் தேடினேன். அவனும் கொஞ்ச நேரம் கிளிப் எடுத்துத் தந்தான். பிறகு சொன்னான்:

"சரி. ஆடிப் பாப்போம். கோட்டை. புது பாக்கெட் ஆளுக்கு ஆறு. மூணு ஆட்டம். நான் ஜெயிச்சா நீ பரீட்சை எழுதணும். நீ ஜெயிச்சா இந்தப் பேச்ச நான் செத்தாலும் எடுக்க மாட்டேன்."

"நீ என்னைக்கு என்னய ஜெயிச்சிருக்க?"

"அதான் சொல்றேன். உனக்கென்ன பயம்?"

தலையை ஆட்டிவிட்டேன். அவன் வாயை மூட வேண்டும், அதற்காகத்தான்.

இதை வேறு யாரும் படிக்கப்போவதில்லை. இருந்தாலும் கோட்டை ஆட்டம் எப்படி என்று எழுதி வைக்கிறேன். பிற்காலத்தில் நானே மறந்துவிடலாம்.

ஆறு பாக்கெட்டில் அறுபது கார்டு வரும். அதில் முப்பதை எடுத்துத் தன் கட்டைச் சேர்க்க வேண்டும். மீதி முப்பதைத் தொடக்கூடாது. ஒவ்வொருவருக்கும் ஒரு கோட்டை, பத்துச் செங்கல். செங்கலுக்கு நாங்கள் புளியங்கொட்டை வைப்போம். முதல் சுற்றில் ஒரு நெல் கிடைக்கும், இரண்டாவது சுற்றில் இரண்டு, இப்படிக் கூடிக்கொண்டே போகும். ஒவ்வொரு கார்டின் மூலையிலும் அதை இறக்க எத்தனை நெல் வேண்டும் என்று போட்டிருக்கும். சிப்பாய்க்கு ஒன்று. யானைக்கு ஆறு. ராஜாவுக்குப் பத்து. இறங்கிய சுற்றிலேயே அடிக்க முடியாது, அடுத்த சுற்றில்தான். அடிக்கும்போது எதிராளி காவலுக்கு யாரையும் நிறுத்தவில்லை என்றால் செங்கல் போகும். சிப்பாய் அடித்தால் ஒன்று, யானை அடித்தால் மூன்று.

பெரிய கார்டு வந்தால் எல்லோருக்கும் சந்தோஷம். அண்ணனுக்கும். கிடைத்த யானை, ராஜா எல்லாவற்றையும் கட்டில் திணிப்பான். நெல் சேருவதற்குள் கோட்டை போய்விடும்.

நவம்பர் 18, திங்கள்

இன்று காலண்டர். தகரப்பட்டை அடிக்கும் வேலை. ஆள்காட்டி விரலில் கீறல்.

நவம்பர் 20, புதன்

பேபி அக்காவிடம் பந்தயத்தைச் சொன்னேன். "நீ எதுக்கு ஆடுற, ஜெயிக்கவா தோக்கவா?" என்று கேட்டார். ஜெயிக்க என்றேன். "ஓ" என்றார். அதற்கப்புறம் சாயங்காலம் வரை அவருடைய மருமகள் வைத்த குழம்பைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்.

வேலை முடிந்து வரும்போது ஒரு வண்டியின் டீசல் வாசனை வந்தது. உடனே அப்பாவின் லாரி ஞாபகம். அப்பா வடக்கே லோடு ஏற்றிப் போனால் பதினைந்து இருபது நாள் ஆகும். திரும்பி வந்ததும் லாரி தெருமுனை வேப்பமரத்தடியில் நிற்கும். அப்பா வீட்டில் தூங்குவார். நானும் அண்ணனும் கேபினுக்குள் ஏறிவிடுவோம். டிரைவர் சீட்டில் அவன். கிளீனர் சீட்டில் நான். நடுவில் என்ஜின் மூடி. அதன்மேல் விரித்திருக்கிற கம்பளிதான் எங்கள் மேசை. அப்பா வந்து ஒரு மணி நேரம் ஆனாலும் அந்த மூடி சூடாகவே இருக்கும். கார்டுகள் லேசாக வளைந்துகொள்ளும். மழைக்காலத்தில் அதுதான் சுகம். கண்ணாடியில் ஆவி படிந்து வெளியே ஒன்றும் தெரியாது.

அப்போது எனக்கு ஒன்பது வயது. அவனுக்குப் பதிமூன்று. சனிக்கிழமைக்கு ஒரு பாக்கெட்தான் வாங்க முடியும். கடையில் இருந்து லாரி வரை பிரிக்காமல் கொண்டுவர வேண்டும் என்பது அவன் வைத்த சட்டம். நான்தான் தூக்கி வருவேன். அவன் பின்னாலேயே, "மெதுவா, மெதுவா" என்று சொல்லிக்கொண்டு வருவான், ஏதோ முட்டை கொண்டுவருகிற மாதிரி. ஒருவன் பிரிக்க மற்றவள் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். அவன் ஒவ்வொரு கார்டாகப் பேர் படிப்பான். யானை வந்தால் பேரைச் சொல்ல மாட்டான். பிளிறுவான். தெருவில் போகிறவர்கள் லாரியைத் திரும்பிப் பார்ப்பார்கள்.

இப்போது பாக்கெட்டை நாள் முழுக்கப் பார்க்கிறேன். ஒன்றும் தோன்றுவதில்லை.

நவம்பர் 22, வெள்ளி

கோயில். அம்மா அண்ணன் பேருக்கு அர்ச்சனை செய்தது. என் பேருக்கும். ஐயர் நட்சத்திரம் கேட்டார். அம்மா சொல்வதற்குள் நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

நவம்பர் 24, ஞாயிறு

அண்ணன் காலையிலேயே பைக்கை எடுத்துக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் போய்ப் பாக்கெட் வாங்கி வந்தான். இங்கே வாங்கினால் நான் கண்டுபிடித்துவிடுவேனாம்.

"நீதான பேக் பண்றவ. எதுல என்ன இருக்குன்னு தடவிப் பாத்தே சொல்லிருவ."

"எல்லா ஊருக்கும் எங்க மேசையில இருந்துதாண்ணே போகுது."

அவன் முகம் போன போக்கைப் பார்த்து அம்மா சிரித்துவிட்டது. "அம்புட்டுப் பெட்ரோலும் போச்சா" என்றது.

கட்டிலில் பன்னிரண்டு பாக்கெட்டையும் கொட்டிக் கண்ணை மூடி ஆளுக்கு ஆறாகப் பிரித்தோம். எனக்கு வந்தவை: யானை மூன்று, ராஜா இரண்டு, தேர் மூன்று, சிப்பாய் நிறைய, வில்லாள் கொஞ்சம், சித்தாள் நான்கு. சித்தாள் என்பது தலையில் செங்கல் சட்டி வைத்திருக்கிற பெண். இரண்டு நெல். அவளால் அடிக்க முடியாது, காவலுக்கும் நிற்க முடியாது. இறங்கும்போது இடிந்த கோட்டையில் இரண்டு செங்கலைத் திரும்ப வைப்பாள். அவ்வளவுதான். பிள்ளைகள் அந்தக் கார்டைச் சாக்கடையில் போடுவார்கள். எனக்கு அவள்மேல் சின்ன வயதிலிருந்தே ஒரு இது. படத்தில் அவள் மட்டும்தான் நம்மைப் பார்க்காமல் நடந்துகொண்டிருப்பாள்.

அண்ணன் நான்காவது பாக்கெட்டைப் பிரித்தான். ஏணிக்காரன். அடுத்த கார்டும் ஏணிக்காரன். அதற்கடுத்ததும். பத்துமே ஏணிக்காரன்.

"இது என்ன புள்ள அநியாயம். ஒரு பாக்கெட்டே வீணாப் போச்சு. உங்க ஆபீசுல கண்ண மூடிக்கிட்டா வேல பாக்குறீங்க?"

எப்படி நடந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். தாள் வெட்டுகிற மெஷினில் இருந்து ஒரே கார்டு கட்டுக் கட்டாக வரும். அதைப் பிரித்து அதன் குவியலில் வைக்க வேண்டும். வைக்காமல், கட்டிலிருந்தே பத்தை எண்ணி உறைக்குள் போட்டால் இப்படி ஆகும். அனுபவம் உள்ள யாரும் போட மாட்டார்கள். யார் போட்டது என்று தெரியாது. அண்ணனுக்கு வேலை உறுதியான அன்று எங்கள் மேசைக்கு ஏணிக்காரன் கட்டு வந்தது. என் கைப்பக்கம்தான் வைத்திருந்தார்கள். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

"வேற பாக்கெட் வாங்கிக்கோண்ணே. இது கணக்குல வேண்டாம்" என்றேன்.

"வந்தது வந்ததுதான். அதான சட்டம்."

நவம்பர் 25, திங்கள்

அண்ணன் ஏணிக்காரர்கள் பத்துப் பேரையும் ஜன்னல் ஓரம் தள்ளி வைத்துவிட்டான். மற்ற ஐம்பதில் கட்டைச் சேர்த்துக்கொண்டிருக்கிறான். ராஜா, யானை, தேர். பார்க்கவே பாவமாக இருந்தது. அந்தக் கட்டு ஐந்தாவது சுற்று வரை மூச்சே விடாது.

சொல்லிவிட்டேன். "ஏணிக்காரனத் தள்ளாத. ஒத்தையா இருந்தாத்தான் அவன் சும்மா. ரெண்டு பேரா நின்னா யாராலயும் தடுக்க முடியாது. ஒரு நெல்தான. பத்துப் பேர் இருக்கும்போது எப்பவும் ஜோடி கிடைக்கும்."

அவன் என்னை ஒரு மாதிரிப் பார்த்தான். "எதுக்கு எனக்குச் சொல்ற?"

"எதிராளி மோசமா ஆடுனா ஆட்டத்துல ருசி இருக்காது."

"அப்ப பத்தையும் போடவா?"

"போடு. ராஜாவ எடுத்துரு."

"ராஜா இல்லாம கோட்டையா?"

"எடுத்துருண்ணே."

ருசிக்காகத்தான் சொன்னேன்.

நவம்பர் 26, செவ்வாய்

என் கட்டைச் சேர்த்தேன். தரையில் படி மாதிரி அடுக்குவது என் வழக்கம். ஒரு நெல் கார்டுகள் ஒரு வரிசை. பக்கத்தில் இரண்டு நெல். பிறகு மூன்று. இடது பக்கம் உயரமாகவும் வலது பக்கம் போகப்போகத் தாழ்ந்தும் இருக்க வேண்டும். வலது கோடியில் இரண்டு யானை போதும். அப்படி அடுக்கி எட்டி நின்று பார்த்தாலே தெரியும், இந்தக் கட்டு ஜெயிக்கும் என்று. அறுபதில் முப்பதைத் தள்ளுவதுதான் கஷ்டம். எடுப்பது சுலபம். பார்க்க நன்றாக இருக்கிற ஒன்றை, இது இப்போது உதவாது என்று தள்ளி வைக்க மனசு பழக வேண்டும். எனக்கு அது நன்றாகப் பழகியிருக்கிறது.

சில கார்டுகள் வளைந்திருந்தன. பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்துக்குள் வைத்துப் பெட்டிக்கு அடியில் அழுத்தினேன். அந்தப் புத்தகங்களை நான் எடைக்குப் போடாமல் வைத்திருப்பது இதற்குத்தான். கனமான தாள், நன்றாக அழுத்தும். கார்டு நிமிர்கிற வரைக்கும் மரபியல் பாடம் படித்தேன். பட்டாணிச் செடி. உயரமும் குட்டையும் சேர்ந்தால் முதல் தலைமுறையில் எல்லாமே உயரம். குட்டை எங்கேயும் போய்விடுவதில்லை. மறைந்து இருக்கிறது. அடுத்த தலைமுறையில் வந்துவிடுகிறது. நான்கில் ஒன்று.

கார்டு நிமிர இரண்டு பாடம் ஆனது.

நவம்பர் 27, புதன்

அம்மா சாயங்காலம் முறுக்குக்கு மாவு பிசைந்தது. ஓசூருக்கு. நான் பிழிகிறேன் என்றேன். "நீ தள்ளு, எனக்கு ஒண்ணுமில்ல" என்று தானே உரலை அமுக்கிப் பிழிந்தது. ஒரு தூக்குச்சட்டி நிறைய. நடுவில் ஒருதரம்கூட உட்காரவில்லை.

அம்மாவுக்கு ஆபரேஷன் ஆனபோது எனக்குப் பத்தாம் வகுப்புக் காலாண்டுப் பரீட்சை முடிந்திருந்தது. அண்ணன் பாலிடெக்னிக்கில் இருந்தான். அப்பா ரோட்டில். யாராவது ஒருவர் வீட்டில் இருக்க வேண்டும். நான் இருந்தேன். ஒரு வருஷம்தான் என்று அண்ணன் சொன்னான், அப்பாவும் சொன்னார். அந்த வருஷம் முடிந்த நாளை யாரும் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன். சொல்லவில்லை. அதற்குள் அச்சாபீஸில் சேர்ந்திருந்தேன். யாராவது கேட்டால் எனக்குப் படிப்புப் பிடிக்கவில்லை என்று அம்மா சொல்லும். நான்தான் அப்படிச் சொல்லியிருந்தேன்.

நவம்பர் 28, வியாழன்

என் கார்டுக் கட்டில் கொஞ்சம் மாற்றம் செய்தேன். எப்போதும் ஒரே மாதிரி ஆடினால் சலிப்பு. மூன்றாவது யானையைச் சேர்த்தேன். ராஜா இரண்டையும் சேர்த்தேன். இடம் வேண்டும் என்பதால் மூன்று சிப்பாய்களை எடுத்தேன். சித்தாள் மூன்று பேரையும் எடுத்து அந்த இடத்தில் தேர் வைத்தேன். நான்காவது சித்தாளை எடுக்கக் கை வரவில்லை. இருந்துவிட்டுப் போகட்டும்.

எட்டி நின்று பார்த்தேன். படி இல்லை. வலது பக்கம் பொதபொதவென்று, அண்ணனின் கட்டு மாதிரி இருந்தது.

சும்மா ஒரு மாற்றத்துக்கு.

நவம்பர் 30, சனி

அப்பா வந்துவிட்டார். லாரி வேப்பமரத்தடியில். நாளைக்கு அங்கேயே ஆடலாம் என்று அண்ணன் சொன்னான்.

டிசம்பர் 1, ஞாயிறு

காலையில் தூறல். குடையில்லாமல் ஓடிப்போய்க் கேபினில் ஏறினோம். அண்ணனுக்கு இப்போது கால் நீட்ட இடம் போதவில்லை. ஸ்டியரிங் முழங்காலில் இடிக்கிறது. என்ஜின் மூடியில் அதே கம்பளி இல்லை, வேறு. அப்பா விடியற்காலையில் போய் லோடு இறக்கிவிட்டு வந்திருந்ததால் சூடு இருந்தது.

முதல் ஆட்டம் சீக்கிரமே முடிந்தது. என் கையில் வந்ததெல்லாம் ராஜாவும் தேரும். நெல் இல்லாமல் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவனுடைய ஏணிக்காரர்கள் இரண்டு இரண்டாக ஏறி வந்தார்கள். பத்துப் புளியங்கொட்டையும் போய்விட்டது. அண்ணன் ஸ்டியரிங்கைத் தட்டினான். ஹாரன் அலறிவிட்டது. அப்பா வீட்டு வாசலுக்கு வந்து, "ஏலே, தூங்க விடுங்கலே" என்று கத்தினார்.

"உனக்கு என்ன ஆச்சு புள்ள. ராஜாவெல்லாம் வச்சிருக்க?"

"சும்மா."

இரண்டாவது நான் ஜெயித்தேன். ஏணிக்காரர்கள் அவன் கட்டின் அடியில் போய் மாட்டிக்கொண்டார்கள். எனக்குச் சிப்பாய்கள் வரிசையாக வந்தார்கள். வந்தவர்களை இறக்காமல் இருக்க முடியுமா?

மூன்றாவது ஆட்டம். மழை வலுத்தது. கண்ணாடி முழுக்க ஆவி. அவன் நாக்கின் நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டு ஆடினான். பதிமூன்று வயதிலும் அப்படித்தான் ஆடுவான். நான் அவன் கார்டைப் பார்க்காமல் அந்த நாக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஓசூரில் இவன் யாரோடு ஆடுவான் என்று தோன்றியது.

எட்டாவது சுற்று. என் கோட்டையில் ஒரே ஒரு செங்கல். அவனுடையதில் மூன்று. அவன் பக்கம் இரண்டு ஏணிக்காரர்கள் நிற்கிறார்கள். அவன் முறை வந்தால் என் கதை முடிந்தது. என்னிடம் எட்டு நெல். யானையை இறக்கினேன். ஆறு நெல் போனது. மீதி இரண்டு. யானை அடுத்த சுற்றில்தான் அடிக்கும். அடுத்த சுற்று எனக்கு இல்லை.

கையில் ஒரு கார்டு இருந்தது.

நான் சும்மா இருந்தேன். சும்மா இருப்பது எனக்குச் சுலபம். இன்னும் கொஞ்ச நேரம் இருந்தால் போதும், அவன் அடித்துவிடுவான், எல்லாம் முடிந்துவிடும். மழை கூரையில் கொட்டிக்கொண்டிருந்தது.

அண்ணன் கையை நீட்டினான். பிறகு நிறுத்தினான்.

"அவ்வளவுதானா? கையில ஒண்ணும் இல்லையே?"

கேட்காமல் அடித்திருக்கலாம். எதற்குக் கேட்டான் என்று இப்போதும் கோபமாக வருகிறது. எனக்குப் பேசாமல் இருக்கத் தெரியும். இல்லை என்று சொல்லத் தெரியாது. அதுவும் அவனிடம்.

"இருக்கு" என்றேன்.

சித்தாளை வைத்தேன். இரண்டு புளியங்கொட்டையை எடுத்து என் பக்கம் வைத்தேன். மூன்று ஆனது.

அவன் ஒரு கார்டு எடுத்தான். ராஜா. எடுத்துவிடு என்று நான் சொன்ன அதே ராஜா. இறக்க நெல் போதாது. கையில் வேறு கார்டும் இல்லை. ஏணிக்காரரில் ஒருவரை என் யானைக்கு எதிரே காவலாக வைத்துக்கொண்டிருந்தால்கூடத் தப்பித்திருப்பான். வைக்கவில்லை. வீட்டில் ஒருவரை விட்டுவிட்டுப் போகத் தெரியாது அவனுக்கு. ஆட்டத்தில் மட்டும்தான் சொல்கிறேன். இரண்டு பேரையும் அனுப்பினான். என் செங்கல் இரண்டு போனது. ஒன்று நின்றது.

யானை அவனுடைய மூன்றையும் எடுத்தது.

பிறகு அவன் புளியங்கொட்டைகளைச் சேகரித்து என் உள்ளங்கையில் கொட்டினான்.

"சரி. சொன்னா சொன்னதுதான். இனிமே கேக்க மாட்டேன்" என்றான். கதவைத் திறந்து மழையில் இறங்கிப் போனான்.

வீட்டுக்குப் போனதும், "யாரு ஜெயிச்சா?" என்று அப்பா கேட்டார். நான்தான் என்றேன். "அதான, எம் பிள்ளைன்னா கொக்கா" என்றார். பந்தயம் அவருக்குத் தெரியாது.

டிசம்பர் 3, செவ்வாய்

கேட்கவில்லை.

டிசம்பர் 4, புதன்

அண்ணன் வாக்குத் தவற மாட்டான் என்று எனக்கு எப்போதுமே தெரியும். இந்த அளவுக்கு என்று தெரியாது. பக்கத்து வீட்டுப் பிள்ளை பத்தாம் வகுப்பு அரையாண்டுக்குப் படிக்கிற சத்தம் கேட்டதும் எழுந்து போய் டிவியைச் சத்தமாக வைத்தான். எனக்காக வைத்தானாம். எனக்குச் சிரிப்பதா என்னவென்று தெரியவில்லை.

பேபி அக்கா கேட்டார், "ஜெயிச்சியா?"

"ஜெயிச்சேன்."

"பொறவு ஏன் மூஞ்சி இப்படி இருக்கு?"

கார்டு எண்ணிக்கொண்டிருந்தேன். எண்ணிக்கை விட்டுப்போனது.

டிசம்பர் 6, வெள்ளி

பந்தயம் வைக்காமல் இருந்திருந்தால் இன்னும் தினமும் கேட்டுக்கொண்டிருப்பான். நானும் தினமும் மாட்டேன் என்று சொல்லிக்கொண்டிருக்கலாம். எத்தனை முறை மாட்டேன் என்று சொன்னாலும் அடுத்த நாள் மறுபடி கேட்பதற்கு ஒரு ஆள் இருந்தான். அது எப்படிப்பட்ட வசதி என்று இப்போதுதான் தெரிகிறது.

டிசம்பர் 8, ஞாயிறு

பேருந்து நிலையத்துக்கு அம்மாவும் நானும் போனோம். அண்ணன் ஜன்னல் ஓரம் உட்கார்ந்தான். முறுக்குத் தூக்குச்சட்டி மடியில். தன்னுடைய முப்பது கார்டையும் ரப்பர் பேண்டு போட்டுச் சட்டைப்பையில் வைத்திருந்தான்.

"போயி ஆள் சேக்கப் போறேன். அங்க யாருக்கும் உன்னளவு தெரியாது. நான்தான் ராஜா" என்றான்.

"ராஜாவ எடுத்துட்டுப் போ" என்றேன். சிரித்தான்.

பேருந்து நகர்ந்தபோது அவன் வாயைத் திறந்தான். ஏதோ சொல்ல வந்தவன் நிறுத்திவிட்டு, "உடம்பப் பாத்துக்க" என்று மட்டும் சொன்னான். என்ன சொல்ல வந்தான் என்று எனக்குத் தெரியும். நான் ஓடிப்போய் ஜன்னலைப் பிடித்துச் சொல்லியிருக்கலாம். பேருந்து மெதுவாகத்தான் திரும்பியது.

டிசம்பர் 10, செவ்வாய்

ராத்திரி அம்மாவிடம் சொன்னேன். மூன்று தரம் ஆரம்பித்து, மூன்று தரமும் வேறு எதையோ சொல்லிவிட்டேன். அரிசி தீரப்போகிறது என்றேன். மழை வரும் போல என்றேன். நான்காவது தரம் சொன்னேன்.

அம்மா பாய் விரிப்பதை நிறுத்திவிட்டது. "உனக்குப் பிடிக்கலன்னுல்லா சொன்ன?"

"அப்பச் சொன்னேன்."

"ஏத்தா, வாயத் தொறந்து சொன்னாத்தான தெரியும். நான் உன்னயப் போகாதன்னா சொன்னேன்?" என்றது. குரல் கோபமாக இருந்தது. பிறகு ரொம்ப நேரம் என் தலையைத் தடவிக்கொண்டே இருந்தது. நான் தூங்கிவிட்டதாக நினைத்திருக்கும்.

டிசம்பர் 11, புதன்

அரை நாள் லீவு சொல்லிவிட்டுப் பெரிய பள்ளிக்கூடத்துக்குப் போனேன். வாசல் வரை போய், எதிரே இருந்த கடையில் ஒரு பேனா வாங்கினேன். பேனா என்னிடம் இருந்தது. மறுபடி வாசல். மறுபடி கடை. கடைக்காரர், "வேற என்னம்மா?" என்றார். அவருக்குப் பயந்துதான் உள்ளே போனேன்.

எல்லோரும் என்னைவிடச் சின்னப் பிள்ளைகளாக இருப்பார்கள், என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள் என்று நினைத்திருந்தேன். வரிசையில் எனக்கு முன்னால் நின்ற அக்காவுக்கு இடுப்பில் ஒரு குழந்தை, கையைப் பிடித்துக்கொண்டு இன்னொன்று. "இது எனக்கு மூணாவது தடவ. கணக்கு மட்டும் போக மாட்டேங்கு" என்றார், நான் கேட்காமலே. குழந்தை என் பின்னலைப் பிடித்து இழுத்தது.

என் முறை வந்தது. கம்ப்யூட்டர் முன்னால் இருந்தவர் கேட்டார்.

"என்ன வேணும்?"

சொன்னேன்.

"கேக்கல. சத்தமா சொல்லும்மா."

பின்னால் நின்றவர்களுக்கும் கேட்கும்படி சொன்னேன். "பத்தாவது எழுதணும்."

"பேரு?"

"நாகஜோதி."

"எல்லாப் பாடமுமா?"

"எல்லாப் பாடமும்."

அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. தட்டிக்கொண்டே போனார். இவ்வளவுதானா என்று இருந்தது.

டிசம்பர் 13, வெள்ளி

கார்த்திகை. விடாத மழை. விளக்கை வாசலில் வைக்க முடியாமல் அம்மா ஜன்னலுக்கு உள்ளே வரிசையாக வைத்தது. அச்சாபீஸ் லீவு.

அண்ணன் போன் செய்தான். பொரி சாப்பிட்டீர்களா, அங்கே குளிரில் பல் கிட்டுகிறது, அறையில் உடன் இருப்பவன் குறட்டை விடுகிறான், கோட்டை ஆட ஆள் கிடைத்துவிட்டது என்று பேசிக்கொண்டே போனான். நான் உம் கொட்டினேன். வைக்கப்போகிற சமயத்தில் சொன்னேன்.

"அண்ணே, நான் பதிஞ்சிட்டேன்."

"என்னத்த?"

"பரீட்சைக்கு."

லைன் போய்விட்டதோ என்று போனைப் பார்த்தேன். இருந்தது.

"நான் ஒண்ணும் கேக்கலயே" என்றான் கடைசியில். "நான் வாக்கு மாறலயே?"

"நீ கேக்கல. நானாத்தான் போனேன்."

மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. குளிர் என்று சொல்லியிருந்தான்.

"அப்ப நான் ஜெயிச்ச மாதிரிதான?"

"இல்லண்ணே" என்றேன். "ஜெயிச்சது நான்தான்."